பூநாரையைப் பறக்க வைத்த கல்!

1998-ம் ஆண்டு. கோட்டை பகுதியில் ஒரு கம்பெனியில் நான் குமாஸ்தா. போனஸ் பணத்தில் பழைய கேமரா ஒன்று வாங்கினேன். லென்ஸ் மட்டும் நண்பரிடம் இரவல்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் துறைமுகப் பாதை ரெயிலில் ஏறி சிவ்ரியில் இறங்குவேன். லாரிகளுக்கு நடுவே கிழக்குப் பக்கம் நடந்தால் பழைய படகுத்துறை. முதலில் மூக்கைப் பிடிக்கத் தோன்றும். அப்படி ஒரு நாற்றம்! நிமிர்ந்து பார்த்தால் மூக்கு மறந்துபோகும்.

சேறு முழுவதும் இளஞ்சிவப்பு. ஆயிரக்கணக்கில் பூநாரைகள்!

குஜராத்தின் கட்ச் பகுதியில் இருந்து வரும் பறவைகள் அவை. 1990-களின் நடுவில் இருந்துதான் சிவ்ரியில் இப்படிப் பெருங்கூட்டமாக இறங்கத் தொடங்கின.

திதி பார்த்துப் படம்

போன முதல் நாள் ஏமாற்றம். பறவைகள் தூரத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தன. வலை காயப்போட்ட மீனவப் பெரியவர் ஒருவர்தான் கணக்கு சொல்லித் தந்தார். அமாவாசை, பவுர்ணமியில் நண்பகலை ஒட்டி கடல் ஏறும். பிறகு நாளுக்கு சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். நீர் ஏற ஏற சேற்றுத்திட்டு சுருங்கும். பறவைகள் தாமாகவே கரைப் பக்கம் வரும்.

அதன்பின் காலண்டரில் திதி பார்ப்பது பழக்கமாகிவிட்டது. வீட்டில், "சாமி கும்பிடவா பார்க்கிறீர்கள்?" என்று கேலி!

கிட்டத்தில் பார்த்தால்தான் இந்தப் பறவையின் வேடிக்கை புரியும். கழுத்தை வளைத்து, அலகைத் தலைகீழாகக் கவிழ்த்து மேயும். நாக்கால் நீரை இழுத்துத் தள்ளி, பாசியையும் சிற்றுயிர்களையும் வடிகட்டும். சிவப்புகூட பிறவி நிறம் அல்ல. குஞ்சு சாம்பல் நிறம்தான். தின்ற தீனியில் ஊறிய நிறம் அது.

"ஏன்வே எறியுதீரு?"

மேய்கிற படம் நிறைய எடுத்துவிட்டேன். பறக்கிற படம் இல்லை. சுருளில் மொத்தமே 36 படம். அன்று மிச்சம் நாலோ ஐந்தோ. வெயிலும் ஏறிவிட்டது. ஒரு கல்லை எடுத்து வீசினேன்.

கூட்டம் சேற்றில் தடதடவென்று ஓடி எழுந்தது. இறக்கைக்கு அடியில் அத்தனை சிவப்பு! படபடவென்று எடுத்து முடித்தேன்.

"ஏன்வே, அது பாட்டுக்குத் தின்னுக்கிட்டு இருக்கு. அதப்போயி ஏன்வே எறியுதீரு?"

திரும்பிப் பார்த்தேன். கையில் தூக்குச்சட்டியோடு ஒரு சுமைத் தொழிலாளி.

"எங்க ஊரு கூந்தன்குளம் பக்கம். பறவை பயந்துரும்னு அங்க தீவாளிக்குக்கூட வெடி போட மாட்டாவ."

நானும் நெல்லைச் சீமைக்காரன்தான். அந்த ஊருக்கு ஒரு முறைகூட போனதில்லை. வாயில் பதில் வரவில்லை.

படம் அருமையாக வந்தது. அலுவலகத்தில் சட்டம் போட்டு மாட்டினார்கள். பாராட்டியவர்களிடம் கல்லைப் பற்றி நான் சொல்லவில்லை.

கல்லின் விலையைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சேறு திறந்திருக்கும் சில மணி நேரம்தான் அவற்றுக்குச் சாப்பாட்டு வேளை. திரும்பிப் பறக்கத் தேவையான கொழுப்பையும் அதற்குள் சேர்த்தாக வேண்டும். ஒவ்வொரு முறை விரட்டும்போதும் உடம்பில் சேர்த்தது செலவாகிறது. நம்மை வேலைக்கு நடுவில் ஒருவன் நாலு மாடி ஏறி இறங்கச் சொன்னால் எப்படி இருக்கும்?

பின்பு நிறைய மாறிவிட்டது. 2015-ல் தானே கழிமுகத்தில் பூநாரைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 2022-ல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. 2024 ஜனவரியில் சிவ்ரியில் தொடங்கும் அடல் சேது பாலம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு மே மாதம் காட்கோபர் வான்பரப்பில் விமானம் மோதி 39 பூநாரைகள் செத்தன. மறுநாள் பேப்பரில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

பணி ஓய்வுக்குப் பிறகும் கேமராவை விடவில்லை. ஒரு பிப்ரவரி காலையில் நெரூல் கரையில் உட்கார்ந்திருந்தேன். செல்போனோடு வந்த பையன் ஒருவன் தரையில் எதையோ தேடினான். நிமிர்ந்தபோது கையில் கல்.

"வேண்டாம். நீர் ஏறட்டும், அதுவே பக்கத்தில் வரும்" என்று இந்தியில் சொன்னேன்.

நம்பாமல்தான் உட்கார்ந்தான். அரை மணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. முதல் வரிசை எங்களுக்கு இருபது அடியில் வந்து, அலகைக் கவிழ்த்து மேயத் தொடங்கியது.

பையன் படம் எடுக்கவே மறந்துவிட்டான்.

"ஐயா, உங்களுக்கு எந்த ஊரு?" என்று கிசுகிசுத்தான், தமிழில்! தாராவிப் பையன்.