செத்த பேட்டரியா, நின்ற பேட்டரியா?

பழைய லேப்டாப்பின் பேட்டரி செத்துவிட்டது என்று சொல்லும்போது, செத்தது எது என்று யாரும் கேட்பதில்லை. அந்தப் பிளாஸ்டிக் உறைக்குள் பெரும்பாலும் ஆறு லித்தியம் அயனி செல்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். இரண்டிரண்டாகப் பக்க இணைப்பில் சேர்த்து, அந்த மூன்று ஜோடிகளையும் தொடராகக் கோத்திருப்பார்கள். ஓரத்தில் ஒரு சின்ன சர்க்யூட் போர்டு. மல்டிமீட்டரை வைத்தால் இரண்டு ஜோடிகள் 3.7 வோல்ட் காட்டும். மூன்றாவது 1 வோல்ட்டில் கிடக்கும். ஒரு ஜோடி நலிந்தாலே போர்டில் உள்ள சிப் மொத்த பேக்கையும் நிறுத்திவிடும். சில சமயம் செல்களில் கோளாறே இராது, சிப்பின் கணக்குதான் பிசகியிருக்கும். முழுக்க ஏற்றி முழுக்க இறக்கினால் அது சரியாகிவிடும்.

விழுந்த ஜோடிக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்து எழுப்பினால் என்ன? நிக்கல் காட்மியம் காலத்தில் அப்படிச் செய்தார்கள்: உள்ளே ஊசிபோல் வளர்ந்து ஷார்ட் ஆக்கிய படிகத்தை ஒரு கணப் பெருமின்னோட்டம் எரித்துவிடும். லித்தியத்தின் வியாதி வேறு. மின்னழுத்தம் மிகவும் இறங்கிவிட்டால், எதிர்மின் முனையைத் தாங்கும் செப்புத் தகடு கரையத் தொடங்குகிறது. மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு கண்ட இடத்தில் படிந்து, இரு முனைகளையும் பிரிக்கும் படலத்தைத் துளைக்கலாம். சுற்றியிருப்பதோ தீப்பற்றும் திரவம். ‘ஏற்றிப் பார்த்தேன், 4.2 வோல்ட் வந்ததே’ என்பார்கள். மீட்டர் வோல்ட்டைக் காட்டும், செம்பைக் காட்டாது. அதற்காக இறங்கிய செல் எல்லாம் குப்பை என்பதும் சரியல்ல. மாதக்கணக்கில் சும்மா கிடந்து 2.7 வோல்ட்டுக்கு வந்த செல்லை மிகக் குறைந்த மின்னோட்டத்தில் 3 வோல்ட் வரை மெல்ல ஏற்றலாம். நல்ல சார்ஜர்கள் தாமாகவே செய்வது அதைத்தான். 1 வோல்ட்டில் நாட்கணக்கில் கிடந்ததைத் தொடக்கூடாது.

அப்படியானால் செல்களை மாற்றிவிடலாமே? மாற்றலாம்தான். ஆனால் ஆறையும் ஒரே ரகத்தில் வாங்கி, ஸ்பாட் வெல்டிங்கில் இணைக்க வேண்டும். சால்டரிங் சூடு செல்லுக்கு ஆகாது. அதன்பிறகும் பல சிப்கள் பழைய கோளாறை நிரந்தரமாகக் குறித்து வைத்துக்கொண்டு வேலை செய்ய மறுக்கும். இது கம்பெனிகளின் வியாபாரத் தந்திரம் என்ற குற்றச்சாட்டில் பாதி நியாயம் உண்டு. உள்ளே எந்தச் செல் வைத்தார்கள் என்று சிப்புக்குத் தெரியாது, ஆகவே பூட்டு தேவைதான். முறையாகப் பழுது பார்ப்பவருக்கும் சாவி தராததற்குப் பாதுகாப்பைக் காரணம் காட்ட முடியாது. சாவி கிடைக்காதவரை புது பேக் வாங்குவதே வழி. பழையதில் தேறிய நான்கு செல்கள், கொள்ளளவைச் சோதித்தபின், டார்ச் லைட்டுக்கு உதவும்.