கோம்பை நாயின் மூட்டுகள்

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள கோம்பை என்னும் ஊரின் பெயரைத் தாங்கிய நாய், செந்நிற உடலும் கரிய முகவாயும் கொண்டு, காட்டுப்பன்றியை எதிர்த்து நிற்பதற்கெனத் தலைமுறைதோறும் தெரிந்தெடுத்து வளர்க்கப்பட்டதாகும். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தடை விதித்த பின் அதன் தொழில் காவலாகச் சுருங்கியது. கம்பம் பள்ளத்தாக்கின் தென்னந்தோப்பிலோ திராட்சைத் தோட்டத்திலோ பகலெல்லாம் மோட்டார் ரூம் ஓரத்தில் சங்கிலியில் கிடந்து, இருட்டியதும் அவிழ்த்துவிடப்படும் காவல் நாய், பன்றி வாடை பட்டவுடன் வரப்பையும் கல்லையும் பாராமல் பாய்கிறது. அதன் கால்களுக்கு நேரும் கேட்டில் பெரும்பங்கு பிறப்பால் அன்றி, இத்தகைய வளர்ப்பால் வருவதே.

மூட்டில் சந்திக்கும் எலும்பு முனைகளை வழவழப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்க, அவற்றுக்கிடையே ஊறும் மூட்டு நீர் உராய்வைத் தணிக்கிறது. எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நாரைத்தான் பேச்சுவழக்கில் ஜவ்வு என்கின்றனர். குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் இல்லாததால், அசைவின்போது உள்ளே பரவும் மூட்டு நீரிலிருந்தே அது ஊட்டம் பெறுகிறது. பகலெல்லாம் அசையாது கிடந்த மூட்டையும் தளர்ந்த தசையையும் ஒரே பாய்ச்சலில் முழு வேகத்துக்குத் தள்ளும்போது, திடீரெனத் திரும்பும் பின்னங்காலின் முழங்கால் ஜவ்வு கிழிய வாய்ப்பு மிகுகிறது. நாய்களில் இந்த ஜவ்வு பெரும்பாலும் மெல்ல நைந்து வந்து ஒரு நாள் அறுகிறது என்பதால், ஒரு காலில் கிழிந்த நாய்களில் கணிசமானவற்றுக்குப் பின்னர் மறு காலிலும் கிழிகிறது. அவிழ்த்துவிடுமுன் கால்மணி நேரம் கயிற்றில் பிடித்து நடத்துவது இந்த ஆபத்தைக் குறைக்க எளிய வழியாகும்.

தொடை எலும்பின் பந்து இடுப்புக் குழிக்குள் சரியாகப் பொருந்தாமல் ஆடும் இடுப்பு மூட்டுக் கோளாறு, ஜெர்மன் ஷெப்பர்ட், லேப்ரடார் போன்ற எடை மிகுந்த இனங்களைப் பெரிதும் வாட்டுவதாகும். நடுத்தர உடலும் ஓட்டத் திறனும் பார்த்துத் தெரிந்தெடுக்கப்பட்ட கோம்பைக்கு அந்த ஆபத்து குறைவு எனக் கருத இடமுண்டு. ஆயினும் ஓட்டத்தைப் பாராமல் நிறத்தையும் முகத்தையும் மட்டும் பார்த்து, நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்க்கும் இன்றைய குட்டி வியாபாரம் அந்த நற்பேற்றைக் கரைத்துவிடக் கூடும். உணவின் பங்கும் சிறிதன்று. 48 லேப்ரடார் நாய்களை இணை இணையாகப் பிரித்து, ஒவ்வோர் இணையிலும் ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவான தீனியை வாழ்நாள் முழுவதும் அளித்த அமெரிக்க ஆய்வொன்றின் முடிவு 2002இல் வெளிவந்தது; குறைவாகத் தின்ற நாய்களுக்கு மூட்டுத் தேய்வு பிந்தி வந்ததுடன், ஆயுளும் ஏறத்தாழ இரண்டு ஆண்டு கூடியது. விலாவைத் தடவினால் எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும் என்பது உரிமையாளருக்குப் போதுமான அளவுகோல். இளங்குட்டிக்கு எலும்பில்லாத இறைச்சியையே ஊட்டினால் சுண்ணாம்புச்சத்துக் குறைந்து கால் வளையும். அதற்கு அஞ்சி, மருத்துவரைக் கேளாமல் கால்சியம் டானிக்கை ஊற்றுவதும் வளரும் எலும்பைக் கெடுக்கும்.

நொண்டும் நாயைச் சமதரையில் நடக்கவிட்டுப் பார்த்தால், வலிக்கும் முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே எழுவதும், நல்ல கால் ஊன்றும்போது தாழ்வதும் தெரியும். படுத்தெழுந்த முதல் சில அடிகளில் விறைத்து, நடக்க நடக்க இளகினால் மூட்டுத் தேய்வை ஐயுறலாம். எனினும் முதலில் பார்க்க வேண்டியது விரலிடுக்குகளைத்தான். கருவேல முள் ஏறிய காலுக்கு வாத எண்ணெய் தேய்த்துப் பயனில்லை.

இன்று ஒரு காலும் நாளை மறுகாலுமாக நொண்டி, தீனியை வெறுத்து, உடல் வெப்பம் 103 பாரன்ஹீட்டைத் தாண்டினால், காரணம் மூட்டில் இல்லாமல் உண்ணியில் இருக்கலாம். நாயுண்ணி கடித்து ஏற்றும் எர்லிக்கியா என்னும் நுண்ணுயிர் வெள்ளணுக்களுக்குள் பெருகி, இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்களைக் குறைப்பதுடன், சில நாய்களில் பல மூட்டுகளை ஒருங்கே வீங்கவும் செய்கிறது. இந்நிலையில் இரத்தப் பரிசோதனைக்கு முன்பே வலி மருந்து கொடுத்தால் நோயின் அடையாளம் மறைவதோடு, இரத்தக் கசிவும் மிகக் கூடும். நோய் உறுதியானால் மருத்துவர் டாக்சிசைக்ளினை வழக்கமாக நான்கு வாரம் வரை தருகிறார். நாய் தெளிந்துவிட்டதென்று பாதியில் நிறுத்தலாகாது. பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடுவது நாயின் உடலில் அன்று, கொட்டிலின் சுவர் வெடிப்புகளில் என்பதால், நாய்க்கு மட்டும் மருந்திட்டுக் கொட்டிலை விட்டுவைத்தால் உண்ணி மீண்டும் ஏறும்.

உண்மையான மூட்டுத் தேய்வுக்கு மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென் போன்ற வலி மருந்துகள் எடைக்கேற்ற அளவில் தரப்படுகின்றன. வீட்டிலுள்ள பாராசிட்டமால், இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் மாத்திரைகளைத் தாமாகக் கொடுப்பது ஈரலையோ குடலையோ சிறுநீரகத்தையோ சிதைத்து நாயைக் கொல்லக் கூடும். ஜவ்வு அறுந்ததா என்பதை மருத்துவர் முழங்காலை அசைத்துப் பார்த்தே பெரும்பாலும் கண்டுவிடுவார். அதற்குத் தொலைவு செல்ல வேண்டியதில்லை; தேனியிலேயே 2020 முதல் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. நீரில் உடல் எடை மூட்டின்மீது இறங்காது என்பதால், ஓட்டம் அடங்கிய வாய்க்காலில், தோள்வாரைப் பிடித்தபடி சில நிமிடம் நீந்தவிடுவது இளைத்த தொடைத் தசையை மீட்க உதவும். அறுந்த ஜவ்வுக்காக அறுவை செய்த காலானால் தையல் முழுவதும் ஆறி, மருத்துவர் இசைந்த பிறகே நீரில் இறக்க வேண்டும். அதுவரை, நொண்டல் நின்றுவிட்டதுபோல் தோன்றினாலும், இரவில் அவிழ்த்துவிடாமல் நீண்ட கயிற்றிலேயே காவலுக்கு நிறுத்தலாம், குரைப்பதற்கு முழங்கால் தேவைப்படுவதில்லை.