சாந்தம் என்றால் வாய்மூடி இருப்பதா?



முன்பு என் குரல் இப்படி இருந்ததில்லை. ஒவ்வொரு இடப்பெயர்விலும் கத்திக் கூப்பிட்டுத்தான் பிள்ளைகளை ஒன்று சேர்க்க முடிந்தது. 2009இல் செட்டிகுளம் முகாமில், தண்ணீர் வரிசையில் சத்தம் போடாதவளின் வாளி நிறையாது. கணவரை இழந்து, மீள்குடியேறி, தனியாக வீடு நடத்தத் தொடங்கியபோது என் வாய்தான் எனக்கு வேலி என்று நினைத்தேன். அந்த வேலி வீட்டுக்குள்ளும் வந்துவிட்டதை நான் கவனிக்கவில்லை.

இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பது என் தொழில். 2019இல் ஒரு விடியற்காலை, அவித்து அடுக்கிய பெட்டியை மகள் கால் தடக்கிக் கொட்டிவிட்டாள். 60 இடியப்பமும் மண்ணில். நான் கையை ஓங்கிக்கொண்டு கத்தினேன். அவள் இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு அப்படியே குந்திவிட்டாள். ஷெல் கூவும் சத்தம் கேட்டால் நாங்கள் குந்துவோமே, அதே மாதிரி. 2009இல் அவள் கைக்குழந்தை. அந்த நாட்கள் அவளுக்கு ஞாபகம் இருக்க முடியாது. அவள் குந்தியது என் கைக்குப் பயந்துதான்.

அந்த வியாழன் பின்னேரம் எங்கள் வேத ஆராய்ச்சிக்குப் போகவே மனமில்லை. ஆனாலும் போனேன். ஒரு பெரியம்மாவின் விறாந்தையில் பாய் விரித்து 8 பெண்கள் இருப்போம். கலாத்தியர் 5ஆம் அதிகாரத்தில் உள்ள ஆவியின் கனியை, மாதம் ஒரு பண்பாகப் படித்து வந்தோம். அன்று எட்டாவது, சாந்தம். எங்களில் இருவர் கத்தோலிக்கர். அவர்களுடைய திருவிவிலியத்தில் அதே இடத்தில் "கனிவு" என்றிருந்தது. சாந்தம் என்றால் சத்தம் போடாமல் இருப்பது என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். கனிவு என்று கேட்டதும் மகளின் முகம்தான் வந்தது. அழுதுகொண்டே நடந்ததைச் சொன்னேன். ஒருவரும் எனக்குப் புத்தி சொல்லவில்லை.

பிறகு மத்தேயு 11ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை வாசித்தோம். தம்மைச் சாந்தமுள்ளவர் என்று சொல்லும் அதே இடத்தில் இயேசு நுகத்தைப் பற்றியும் பேசுகிறார். பெரியம்மா வயலும் வண்டிலுமாக வாழ்ந்தவர். "நுகத்துக்குப் பழகின நாம்பனுக்குப் பலம் குறையிறதில்லைப் பிள்ளை. அதே பலந்தான். ஆனால் சின்னப் பிள்ளையும் கயிற்றைப் பிடிச்சுக்கொண்டு போகலாம்" என்றார். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியிலும் சாந்தத்துக்குரிய சொல் பழக்கப்பட்ட விலங்குகளுக்கும் வழங்கியது என்று பின்னர் அறிந்தேன். பெரியம்மா கிரேக்கம் படித்தவரல்ல.

அடுத்த கிழமை ஒரு அக்கா கேட்ட கேள்வி எங்களைத் திகைக்க வைத்தது. காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடுகிறவர் அவர். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் உறவுகளின் தொடர் போராட்டம் தொடங்கியபோது, மகனின் படத்தோடு போய் இருந்தவர். "ரோட்டில நின்று என்ர பிள்ளை எங்கே என்று கத்திறது சாந்தமில்லையோ?" என்றார். யோவான் 18ஆம் அதிகாரத்தைத் திறந்தோம். பிரதான ஆசாரியனுக்கு முன்னால் ஒரு சேவகன் இயேசுவை அறைகிறான். அவர் திருப்பி அடிக்கவில்லை. ஆனால் பேசாமலும் இருக்கவில்லை. ஏன் அடித்தாய் என்று நேரே கேட்டார். அக்கா அந்த இடத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு வேதாகமத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. குடித்துவிட்டு அடிக்கும் கணவனைப் பொறுப்பதுதான் சாந்தம் என்று எங்கள் சபைகளில் பெண்களுக்குச் சொல்லப்பட்டதுண்டு. அது தவறு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் போய்க் கதையுங்கள். எங்கள் கூட்டத்திலிருந்து ஒரு தங்கச்சியோடு நாங்கள் 3 பேர் துணைக்குப் போனோம்.

எங்களுக்குக் கீழே இருப்பவர்களிடம் நாங்கள் எப்படி நடக்கிறோம் என்பதில்தான் எனக்குப் பாடம் இருந்தது. ஒவ்வொரு வியாழனும், அந்தக் கிழமையில் தவறிய இடத்தை ஒவ்வொருவரும் சொல்வோம். வெற்றியைச் சொல்லத் தேவையில்லை என்பது பெரியம்மா போட்ட விதி. கோபம் ஏறினால் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய் முகம் கழுவிவிட்டு வா என்றும் சொல்லித் தந்தார். சில நாட்களில் 4 தரம் போவேன். போக மறந்த நாட்களும் உண்டு. அந்த நாட்களில் இரவு படுக்குமுன் மகளிடம் மன்னிப்புக் கேட்பேன். முதல் முறை அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பல மாதங்கள் அப்படித்தான்.

இப்போது அவள் வளர்ந்துவிட்டாள். காலையில் மா பிழிந்து தருகிறாள். போன மாதம் என் கையிலிருந்தே தட்டுகள் வழுக்கி இடியப்பம் முழுதும் நிலத்தில் கொட்டுப்பட்டது. நான் வாயைத் திறக்குமுன்னே அவள் சிரித்தாள்.

"என்ன அம்மா, கிணத்தடிக்குப் போறீங்களோ?"