மதர்போர்டுக்குள் ஒரு துணி

கம்ப்யூட்டரைத் திறந்தால் பச்சையாகவோ கறுப்பாகவோ தெரியும் மதர்போர்டை வெறும் பிளாஸ்டிக் தகடு என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது துணி. கண்ணாடி நூலில் நெய்து, எபாக்ஸி பிசினில் தோய்த்து, பல அடுக்காக வைத்துச் சூட்டில் அழுத்திய துணி. எஃப்ஆர்-4 என்பது இதன் பெயர்.

எனக்குச் சொந்த ஊர் விசைத்தறிகள் நிறைந்த குமாரபாளையம். இன்ஜினியரிங் முடித்து சாஃப்ட்வேர் வேலைக்கு வந்தால் தறிச் சத்தத்தை விட்டு வெகுதூரம் வந்துவிட்டதாக அர்த்தம். ஆனால் கம்ப்யூட்டருக்குள்ளும் பாவும் ஊடையும்தான் இருக்கின்றன!

கண்ணாடி எப்படி நூலாகிறது?

மணல், சுண்ணாம்புக்கல், அலுமினா, போரான் சேர்மம் ஆகியவற்றைக் கலந்து சுமார் 1400 டிகிரி செல்சியஸில் உருக்குகிறார்கள். பிளாட்டினம்-ரோடியம் தட்டிலுள்ள நூற்றுக்கணக்கான நுண்துளைகள் வழியே வழியும் இந்தக் கண்ணாடிப் பாகை அதிவேகமாக இழுத்துச் சுற்றினால் இழை தயார். இதன் பருமன் சுமார் 9 மைக்ரான். தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லியது. இத்தகைய 400 இழைகள் வரை சேர்ந்தது ஒரு நூல்.

ஜன்னல் கண்ணாடி சட்டென்று உடைகிறதே, இது மட்டும் எப்படித் தாங்குகிறது? கண்ணாடியைப் பலவீனமாக்குவது அதன் மேலுள்ள கண்ணுக்குத் தெரியாத கீறல்கள்தான். இழை மெலிய மெலிய, பெரிய கீறலுக்கு அதில் இடமில்லை. 1920-களின் தொடக்கத்திலேயே கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் இதைச் சோதித்துக் காட்டினார். எஃகின் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்கே உள்ள இந்தப் புது இழை, இழுவிசையைத் தாங்குவதில் சாதாரணக் கட்டுமான எஃகைப் பல மடங்கு மிஞ்சுகிறது.

இங்கேயும் கஞ்சி

இழைகள் ஒன்றோடொன்று உரசினால் கீறல் விழுமே! அதனால் எங்கள் ஊர் சைசிங் மில்களில் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவது போல, இதற்கும் ஸ்டார்ச்சும் எண்ணெயும் கலந்த பூச்சு உண்டு. நெய்வது ஏர்ஜெட் தறியில். நாடாவுக்குப் பதில் காற்றே ஊடையைக் கொண்டுபோகும். 7628 என்ற பிரபலமான ரகத்தில் அங்குலத்துக்குப் பாவு 44 நூல், ஊடை சுமார் 32 நூல். நெய்த பிறகு சூளையில் கஞ்சியை எரித்துவிட்டு, சிலேன் என்ற ரசாயனத்தைப் பூசுவார்கள். கண்ணாடியையும் எபாக்ஸியையும் பிணைப்பது இதுதான்.

கார்பன் ஏன் இல்லை?

அக்ரிலிக் வகை நூலை முதலில் காற்றில் 200 முதல் 300 டிகிரியிலும், பிறகு ஆக்சிஜன் இல்லாமல் 1000 டிகிரிக்கு மேலும் சுட்டால் கார்பன் இழை கிடைக்கும். கண்ணாடியை விட எடை குறைவு. விறைப்போ சுமார் மூன்று மடங்கு. ஆனால் மின்சாரத்தைக் கடத்தும். எனவே லேப்டாப் மூடிக்கு ஆகும், மதர்போர்டுக்கு ஆகாது. டூபான்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி குவோலெக் 1965-ல் கண்ட ஆய்வு கெவ்லர் இழைக்கு வழிவகுத்தது. அது உறுதியானது, ஆனால் ஈரத்தை உறிஞ்சும், துளையிடுவதும் கடினம்.

நமக்கு என்ன பயன்?

போர்டின் நீளத்திலும் அகலத்திலும் நூல் ஓடுகிறது. தடிமன் திசையில் நூலே கிடையாது. அங்கே பிடித்து வைத்திருப்பது பிசின் மட்டுமே. சாதாரண எஃப்ஆர்-4 பிசின் 130, 140 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். சூடேறும்போது போர்டு பக்கவாட்டில் விரிவதை விடத் தடிமனில் பல மடங்கு அதிகம் விரியும். எனவே,

* சால்டரிங் அயர்னை ஒரே இடத்தில் நீண்ட நேரம் வைக்காதீர்கள். துளைக்குள் உள்ள செம்புப் பூச்சு விரிசல் விடலாம், அடுக்குகளும் பிரியலாம்.
* ராம் பொருத்தும்போது போர்டு வளையாமல் அடியில் தாங்கல் இருக்கட்டும்.
* போர்டை அறுக்கவோ துளையிடவோ வேண்டாம். பறக்கும் கண்ணாடித் தூள் கண்ணையும் மூச்சையும் உறுத்தும்.
* பழைய போர்டைச் செம்புக்காக எரிக்கவே கூடாது. தீப்பிடிக்காமல் இருக்க எபாக்ஸியில் பெரும்பாலும் புரோமின் சேர்க்கிறார்கள். அந்தப் புகை நச்சு. கண்ணாடித் துணியோ எரியாமல் அப்படியே கிடக்கும். அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மையத்திடம் கொடுத்துவிடுங்கள்.