உப்பில் அயோடின்: ஆய்வுச்சாலையில் அளப்பது எப்படி?

உப்பு மூட்டையை எடை போடத் தெரியும். விலை போடத் தெரியும். அதற்குள் இருக்கும் அயோடினை எப்படி அளக்கிறார்கள் என்பது அபராதம் கட்டும் வரை நமக்கும் தெரியாது. அங்கத்தினர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறோம்.

அயோடின் கலக்காத உப்பை உணவுக்காக விற்பதற்கு 2006 மே 17 முதல் நாடு முழுவதும் தடை உள்ளது. சில்லறைக் கடையில் உள்ள உப்பில் கிலோவுக்கு 15 மில்லி கிராம் அயோடினாவது இருக்க வேண்டும். மழை மண்ணிலுள்ள அயோடினை அடித்துச் சென்றுவிடுவதால், மலைநாடுகளில் முன்கழுத்துக் கழலை அதிகம். நம் ஊருக்கு இது வெறும் சட்டப் பேச்சு அல்ல.

இவ்வளவு சிறிய அளவைக் கண்டுபிடிக்கும் முறைக்கு டைட்ரேஷன் என்று பெயர். பள்ளிப் புத்தகத்தில் 'தரம் பார்த்தல்' என்பார்கள். நம் தராசு வேலைதான். ஒரு தட்டில் எடை தெரியாத சரக்கு. மறு தட்டில் எடை தெரிந்த படிக்கல். இங்கே படிக்கல்லுக்குப் பதில் வலு தெரிந்த ஒரு கரைசல். முள் நேராக நிற்பதற்குப் பதில் நிறம் மாறுகிறது.

10 கிராம் உப்பைத் தண்ணீரில் கரைத்து, சிறிது கந்தக அமிலமும் பொட்டாசியம் அயோடைடும் சேர்க்கிறார்கள். உப்பில் கலந்திருக்கும் பொட்டாசியம் அயோடேட்டிலிருந்து அயோடின் வெளிவந்து, கரைசல் மஞ்சளாகிறது. பத்து நிமிடம் இருட்டில் வைத்தபின், பியூரெட் என்னும் கோடு போட்ட கண்ணாடிக் குழாயிலிருந்து சோடியம் தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். (ஊட்டியில் இந்து பிலிம் தயாரான காலத்து ஸ்டூடியோக்காரர்களுக்கு 'ஹைப்போ' என்றால் புரியும்.) மஞ்சள் வெளுத்து வரும்போது ஸ்டார்ச் கரைசல் சேர்த்தால் கருநீலமாகிறது. மேலும் விட, ஒரு சொட்டில் நீலம் மறையும். அங்கே நிறுத்த வேண்டும். ஒரு சொட்டு மிஞ்சினாலும் கணக்கு தப்பும்.

வழக்கமான 0.005 நார்மல் கரைசலானால், இறங்கிய ஒவ்வொரு மில்லி லிட்டருக்கும் கிலோவுக்கு 10.58 மில்லி கிராம் அயோடின் என்று கணக்கு. சுமார் 1.4 மில்லி லிட்டர் இறங்கினால் உப்பு தேறியது. நம் மாதிரிக்கு இறங்கியது 1.1.

உப்பு வந்தபோது சரியாகத்தான் இருந்தது. ஐப்பசி மழையில் குன்னூர்க் கிடங்கின் சுவரோரம், வெறும் தரையில், சணல் சாக்கில் அடுக்கியிருந்தோம். ஈரம் குடித்து உப்பு கசிந்தது. கசிந்த நீரோடு அயோடேட்டும் போயிற்று. தவறு நம்முடையதே. இப்போது மரப்பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, உள்ளே பிளாஸ்டிக் பை வைத்த மூட்டைகளையே அடுக்குகிறோம். பழைய சரக்கு முதலில் வெளியே போகிறது.

சொட்டு விட்டுப் பார்க்கும் சிறு பரிசோதனைப் பெட்டி அயோடின் உண்டா இல்லையா என்று காட்டும். அதன் நீலத்தை நம்பி அளவு சொல்ல முடியாது. மாதிரி எடுக்கப்பட்டால் கொள்முதல் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பகுப்பாய்வாளர் அறிக்கை தவறு என்று தோன்றினால், அது கைக்கு வந்த 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம். நாம் செய்யவில்லை, சுவரைப் பார்த்தபின் செய்ய மனம் வரவில்லை.

தைலம் விற்கும் நண்பர்கள் கேட்பதால் ஒரு வார்த்தை: விண்டர்கிரீன் தைலத்தின் தரத்தையும் டைட்ரேஷனில் பார்க்கலாம். யூகலிப்டஸ் தைலத்தின் சினியோலுக்கு இந்த முறை உதவாது. அதற்குக் கருவி வேறு.