மேலதிகாரியும் தன்மானமும்

தொழில் செய்யுமிடத்தில் மனிதனை வருத்துவது வேலைப் பளு மட்டுமன்று. மேலே இருப்பவரின் கடுஞ்சொல்லும் உடனிருப்பவரின் தகாத நடத்தையும் உழைப்பைவிட மிகுதியாக அவனைச் சோர்வடையச் செய்கின்றன. இவற்றைப் பொறுத்துப் போவதா, எதிர்த்துப் பேசுவதா? இவ்வினாவுக்கு நம் தோட்ட வரலாற்றிலேயே விடை உண்டு.

1941ஆம் ஆண்டில் சிலாங்கூர் மாநிலத்துக் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலை நிறுத்தம் நடைபெற்றது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும், அதன் தலைவர்களுள் ஒருவரான ஆர். எச். நாதனும் தொழிலாளர்க்குத் துணை நின்றனர். கூலிக்காக மட்டுமே போராடினர் என்று பலர் எண்ணுவர். கூலியும் வேலை நேரமும் கோரிக்கைகளில் இருந்தன என்பது மெய்யே. ஆயினும் அவற்றோடு வேறு சிலவும் இருந்தன. தொழிலாளர் வீட்டுப் பெண்களிடம் துரைமாரும் மேற்பணியாளரும் தகாத முறையில் நடப்பது நிற்க வேண்டும். கொடுமை செய்யும் பணியாளர் நீக்கப்பட வேண்டும். துரையின் முன்னும் கிராணியின் முன்னும் சைக்கிளில் செல்ல உரிமை வேண்டும். குறை சொன்னவர் பழிவாங்கப்படக் கூடாது. சங்கம் அமைக்க இசைவு வேண்டும். இவை யாவும் மானத்தைப் பற்றியவை.

அவ்வாண்டு மே மாதத்தில் நாதன் கைது செய்யப்பட்டுப் பின்னர் நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர், போராட்டம் ஒடுங்கியது. எனினும் அவர்கள் கேட்ட முறை நமக்குப் பாடமாகும். ‘துரை கெட்டவர்’ என்று பொதுப்படக் கூறாமல், இன்ன செயல் நிற்க வேண்டுமெனக் குறித்துக் கேட்டனர். தனித்துக் கேளாமல் கூடிக் கேட்டனர். கேட்டவர்க்குக் காப்பும் சேர்த்தே கேட்டனர்.

இன்று சட்டம் ஓரளவு துணை செய்கிறது. மலேசியாவின் 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டம் 20ஆம் பிரிவின்படி, தக்க காரணமின்றி வேலை நீக்கப்பட்டவர் 60 நாட்களுக்குள் முறையிடலாம். அரசு ஊழியர்க்கு இப்பிரிவு பொருந்தாது. அவர்க்குத் தனிப் பணிவிதிகள் உண்டு. பாலியல் தொல்லைக்கென 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தனி நடுவர் மன்றம் அமைந்துள்ளது. அது 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு வழங்க இயலும். ஆனால் எங்கு முறையிட்டாலும் முதலில் எழும் கேள்விகள் இவையே: என்று நடந்தது? எங்கே? யார் முன்னிலையில்? ஆதலின் நடந்ததை அன்றன்றே தேதியிட்டு எழுதி வைத்தல் வேண்டும். நம்பத்தக்க ஒருவரிடமேனும் உடனே தெரிவித்தல் வேண்டும்.

இங்கு மற்றொன்றையும் கூறுதல் கடமை. கண்டிப்பெல்லாம் கொடுமையாகாது. கண்டிப்பு, செய்த பிழையைச் சுட்டும். அவமதிப்பு, செய்த ஆளைச் சுடும். பல ஆண்டுகட்கு முன் இளம் ஆசிரியை ஒருவரை, பதிவேடு எழுதாமைக்காக மாணவர் எதிரிலேயே கடிந்துகொண்டேன். அன்று மாலை மூத்த ஆசிரியர் ஒருவர் என் அறைக்கு வந்து, “ஐயா, நீங்கள் சொன்னது சரி, சொன்ன இடம் தவறு. நாளை அந்தப் பிள்ளைகள் அவர் சொல்லை எப்படி மதிப்பார்கள்?” என்றார். எனக்கு மறுமொழி வரவில்லை. மறுநாள் அதே வகுப்பில், அதே மாணவர் முன் வருத்தம் தெரிவித்தேன். அம்மூத்தவர் அன்று வாய் திறவாதிருந்தால், நானும் ஒரு துரையாகவே இருந்திருப்பேன்.

தலைமைப் பொறுப்பிலுள்ளோர் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக. உடன் பணிபுரிவோர் அம்மூத்தவரைப் போல் வாய் திறப்பார்களாக.