வாடகைக்கும் சொந்தத்துக்கும் நடுவில் ஒத்தி

கோட்டாறு கம்போளம் பக்கமோ செட்டிகுளம் பக்கமோ வீடு தேடி ஒரு புரோக்கரிடம் போனால் அவர் முதலில் கேட்பது "எத்தனை ரூம் வேணும்?" என்பதல்ல. "வாடகைக்கா, ஒத்திக்கா?" என்பதுதான். சென்னையிலிருந்து மாற்றலாகி வரும் ஆட்கள் இந்த இடத்தில் கொஞ்சம் முழிப்பார்கள். சென்னையில் இதையே லீஸ் என்பார்கள், வேறு சில ஊர்களில் போக்கியம். மதுரை, திருநெல்வேலிக்காரர்களுக்கு ஒத்தி என்றால் புரியும். எழுத்தில் ஒற்றி, பேச்சில் ஒத்தி.

விஷயம் எளிது. ஒரு பெரிய தொகையை மொத்தமாக வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். மூன்று வருடமோ ஐந்து வருடமோ கெடு. அதுவரை வாடகை கிடையாது. கெடு முடிந்ததும் வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொடுத்த பணத்தை வட்டி இல்லாமல் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். கொடுத்த பணத்துக்கு வட்டி இல்லை, இருக்கும் வீட்டுக்கு வாடகை இல்லை, ரெண்டும் சரி.

பெரும்பாலும் இதை வாடகை மிச்சம் என்ற கணக்கில் மட்டும் பார்க்கிறோம். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. அதைச் சொல்வதற்கு முன்னால் வாடகை வீட்டில் என்ன கஷ்டம் என்று பார்த்துவிடலாம்.

வாடகை வீட்டின் எரிச்சல் பணத்தில் இல்லை, பெரும்பாலும் சின்னச் சின்ன விஷயங்களில்தான் இருக்கிறது. சுவரில் ஆணி அடிக்கக் கேட்க வேண்டும். மோட்டார் ஸ்விட்ச் ஓனர் வீட்டுக்குள்ளே இருக்கும். சவேரியார் கோயில் திருவிழா சமயத்தில் சொந்தக்காரர்கள் வந்து நாலு நாள் தங்கினால் தண்ணித் தொட்டி சீக்கிரம் காலியாவதைப் பற்றி ஒரு பேச்சு வரும். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே ரேட்டில் வாங்குவார்கள். மின்வாரியம் வீடுகளுக்குக் கொடுக்கிற இலவச யூனிட் யார் கணக்கில் போனது என்று கேட்க முடியாது. "நீங்க என்ன ஆளுகள்?" என்ற கேள்வியை நேராகவோ சுற்றி வளைத்தோ கேட்பார்கள். காலி செய்யும்போது பெயிண்ட் அடிக்க என்று அட்வான்சில் ஒரு மாதத்தைப் பிடித்துக்கொள்வார்கள்.

எங்கள் ஊரில் இன்னொன்றும் உண்டு, தேங்காய். வீட்டு முற்றத்தில் ரெண்டு தென்னை நின்றால், மரம் ஏறுகிறவரைக் கூட்டிவந்து வெட்டி எடுத்துப் போவது ஓனர். ஓலை விழுந்து நம் ஸ்கூட்டர் கண்ணாடி உடைந்தால் அது நம் பாடு. ராத்திரி தானாக விழுந்த நெற்று யாருக்கு என்பதில் மனஸ்தாபம் வந்த வீடுகள் இருக்கின்றன!

சட்டம் இல்லாமல் இல்லை. 1960ஆம் வருடத்துக் கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாகத் தமிழ்நாட்டில் 2017இல் ஒரு புதுச் சட்டம் வந்து, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்றெல்லாம் அதில் உண்டு. ஆனாலும் நாட்டில் ஓடுவது பதினோரு மாத அக்ரிமென்ட்தான். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் 1908ஆம் வருடப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளரிடம் பதிய வேண்டும். அதைத் தவிர்க்கத்தான் அந்தப் பதினொன்று. பதினோரு மாதத்துக்கு ஒருமுறை நாம் அந்த வீட்டில் இருக்கலாமா என்ற கேள்வி புதிதாக எழுகிறது. வாடகைக்காரனின் அடிப்படை நிலை இதுதான்.

"அதுக்குத்தான் சொந்தமா ஒண்ணு கெட்டிப் போடணும்" என்பது ஊர்ப் பெரியவர்களின் பதில். சரி, ஒரு உதாரணக் கணக்கு போடுவோம். 40 லட்ச ரூபாய் வீடு. கையில் 8 லட்சம், வங்கிக் கடன் 32 லட்சம், வட்டி 8.5 சதவீதம், 20 வருடம். மாதத் தவணை சுமார் 27,770 ரூபாய். முதல் மாதத் தவணையில் வட்டி மட்டும் 22,667. அதாவது அசலில் கழிவது ஐயாயிரத்துச் சொச்சம். இதே வீட்டை வாடகைக்கு எடுத்தால் 9,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு 9,000 கொடுப்பதற்குப் பதில் பணத்துக்கு 22,667 வாடகை கொடுக்கிறோம். வீட்டுக்காரர் இடத்தில் வங்கி. வங்கி ஆணி அடிப்பதைப் பற்றிக் கேட்காது, அது ஒரு பெரிய நிம்மதிதான், மறுக்கவில்லை. இருபது வருடம் கழித்து வீடு கையில் நிற்கும், அதையும் மறுக்கவில்லை. ஆனால் முப்பத்தைந்து வயதில் 8 லட்சம் மட்டும் கையில் இருக்கிற ஒருவருக்கு இந்தக் கணக்கு கழுத்தை நெரிக்கும்.

அந்த 8 லட்சத்தை ஒத்திக்குக் கொடுத்தால்? வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டால் வருடம் 56,000 வட்டி வந்திருக்கும், மாதம் 4,667. அதை விட்டுக்கொடுத்து 9,000 ரூபாய் வாடகை வீட்டில் இருக்கிறோம். வீட்டுக்காரர் பக்கம் பார்த்தால், அவர் 8 லட்சம் வாங்கி வருடம் 1,08,000 வாடகையை இழக்கிறார். கடன் வாங்கியதற்கு 13.5 சதவீத வட்டி கட்டுவதற்குச் சமம். வங்கியைவிட அதிகம். ஆனால் மாசம் ரெண்டு வட்டிக்கு, அதாவது வருடம் 24 சதவீதத்துக்கு, வெளியில் வாங்குகிறவருக்கு இது மலிவு. சம்பளச் சீட்டும் ஐ.டி. ரிட்டர்னும் கேட்காமல் கிடைக்கும் பணம். மகள் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, வெளிநாட்டு விசா என்று வரும்போது வீட்டை விற்காமல் புரட்டுகிற வழி.

(ஐந்து வருடம் கழித்து அதே 8 லட்சத்துக்கு மதிப்பு குறைந்திருக்குமே என்று சிலர் கேட்பார்கள். வங்கி வட்டியை ஏற்கனவே கழித்துவிட்டோம், அதில் அதுவும் அடக்கம். ரெண்டு தடவை கழிக்கக் கூடாது.)

இப்போது நான் முக்கியம் என்று சொன்ன விஷயம். ஒத்தியில் வீட்டுக்காரர் கடனாளி. குடியிருப்பவர் கடன் கொடுத்தவர். வாடகை வீட்டில் யார் யாருக்குப் பயப்பட வேண்டுமோ, அது இங்கே அப்படியே தலைகீழ். 1882ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 58ஆம் பிரிவு இதை அனுபவ அடமானம் என்று வரையறுக்கிறது. சொத்தின் சுவாதீனத்தைக் கொடுத்து, பணம் திரும்பும்வரை அதில் வரும் வருமானத்தையும் பலனையும் எடுத்துக்கொள்ளச் சொல்வது. பத்திரத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் தேங்காய் ஒத்திக்காரருக்குத்தான்! எங்கள் பக்கத்துப் பழைய பத்திரங்களில் மர வருமானத்துக்கு மேலாதாயம் என்று ஒரு சொல் உண்டு. இப்போதும் பத்திரம் எழுதுகிறவர்கள் மரத்தை விட்டுவிடாமல் எழுதுவது நல்லது.

உரிமையோடு பொறுப்பும் வருகிறது. அதே சட்டத்தின் 76ஆம் பிரிவுப்படி, மாறாக எழுதிக்கொள்ளாத வரையில், தீர்வையும் வரியும் கட்டுவதும் தேவையான பழுது பார்ப்பதும் சொத்தின் வருமானத்திலிருந்து ஒத்திக்காரர் செய்ய வேண்டியவை. ஓடு ஒழுகினால் ஓனருக்குப் போன் போடுவது வாடகைக்காரர் வழக்கம். ஒத்தியில் அப்படிச் சும்மா போட முடியாது, யார் செலவு என்று முன்னாலேயே எழுதியிருக்க வேண்டும்.

நாஞ்சில் நாட்டில் ஒத்தி முதலில் வீட்டுக்கு வந்ததல்ல, வயலுக்கு வந்தது. 1956 நவம்பர் 1 வரை நாங்கள் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. நில உரிமை முறைகளில் மலையாளக் கரையின் சாயல் நிறைய. மலபார் பற்றி 1887இல் வந்த வில்லியம் லோகனின் மேனுவலில் காணம், ஒற்றி, பணயம் என்று அடுக்கடுக்காக வரும். மலபார் ஒற்றியில் இன்னொரு பலமும் இருந்தது: சொத்தை விற்பதானால் ஒற்றி வைத்திருப்பவரிடம்தான் முதலில் கேட்க வேண்டும். நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் மருமக்கள் வழி இருந்த காலத்தில் குடும்பச் சொத்தைக் காரணவர் இஷ்டத்துக்கு விற்க முடியாது. பாகம் பிரிக்கவும் வழியில்லை. 1926இல் நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டம் வந்த பிறகுதான் அது மாறியது. விற்க முடியாத சொத்தை வைத்துப் பணம் புரட்ட ஒற்றி வசதியாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். சொத்து கை மாறாது, பெயர் போகாது, மீட்கும் உரிமை அப்படியே நிற்கும். "வித்தாச்சு" என்பதற்கும் "ஒத்தி வச்சிருக்கு" என்பதற்கும் ஊரில் இன்றைக்கும் மரியாதையில் வித்தியாசம் உண்டு.

அந்த மீட்கும் உரிமை எவ்வளவு நீளம்? இதில் ஒரு பெரிய வழக்கு 2014இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது, சிங் ராம் எதிர் ஷியோ ராம். முப்பது வருடம் மீட்காமல் விட்டால் அனுபவத்தில் இருப்பவருக்கே சொத்து என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. அனுபவ அடமானத்தில் காலக்கெடு அடமானம் எழுதிய நாளிலிருந்து ஓடாது, பணம் அடைபட்ட பிறகுதான் ஓடும் என்றது. ஆகவே ஒத்தி வீட்டில் அம்பது வருடம் இருந்தாலும் அது சொந்த வீடாகாது.

நம் ஊர் வழக்கம் மாதிரி உலகத்தில் வேறெங்காவது உண்டா என்று தேடினால் இரண்டு இடங்கள் கிடைத்தன. பொலிவியாவில் அன்டிக்ரெடிகோ, தென் கொரியாவில் ஜொன்சே. கொரியாவில் வீட்டு விலையில் பாதிக்கு மேல் போகும் தொகையைக் கொடுத்து, பெரும்பாலும் இரண்டு வருடக் கெடுவில் வாடகை இல்லாமல் இருப்பார்கள். வீட்டுக்காரர்கள் அந்தப் பணத்தை வைத்து அடுத்த வீடு வாங்கினார்கள், அதையும் ஜொன்சேக்கு விட்டு மூன்றாவது. 2022க்குப் பிறகு வட்டி ஏறி, வீட்டு விலை இறங்கியபோது, அடுத்த ஆளிடம் வாங்கி முந்தின ஆளுக்குக் கொடுக்கிற சங்கிலி அறுந்தது. பணம் திரும்பாமல் நின்றவர்களில் இளைஞர்கள் அதிகம். சிலர் உயிரை விட்டார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்காகவே 2023 மே மாதம் தனிச் சட்டம் போட வேண்டி வந்தது.

இங்கேயும் சங்கிலி அதுதான். கெடு முடிந்து கேட்டால், "அடுத்த ஆள் வரட்டும், வாங்கித் தாறேன்" என்பார்கள். வாங்கிய 8 லட்சம் கல்யாணத்தில் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது, வேறு எப்படிச் சொல்வார்கள்? இந்த இடத்தில் பத்திரம்தான் பேசும். நூறு ரூபாயோ அதற்கு மேலோ உள்ள இப்படிப்பட்ட அடமானம் பதிவு செய்த பத்திரத்தில்தான் செல்லும் என்கிறது 59ஆம் பிரிவு. (நூறு ரூபாய் 1882இல் பெரிய பணம், தொகையை இன்னும் மாற்றவில்லை.) ஆனால் முத்திரைத் தீர்வையும் பதிவுச் செலவும் மிச்சமாகட்டும் என்று முத்திரைத்தாளில் எழுதி, ரெண்டு சாட்சி போட்டு, எட்டு லட்சத்தைக் கைமாற்றுகிறவர்கள் ஏராளம். அந்தத் தாளோடு இருப்பவர் வாடகைக்காரரும் இல்லை, ஒத்திக்காரரும் இல்லை. ரசீது வைத்திருக்கிற ஒரு சாதாரணக் கடன்காரர், அவ்வளவுதான். வீடு ஏற்கனவே வங்கியில் அடமானத்தில் இருந்து, ஓனர் தவணை கட்டாமல் விட்டால், வங்கிக்காரர்கள் கதவில் நோட்டீஸ் ஒட்டும்போது அந்தத் தாள் நிற்காது. பதிந்த ஒத்தியே முந்தின அடமானத்துக்குப் பிந்தியதுதான். அதனால் பணம் கொடுப்பதற்கு முன் வில்லங்கம் போட்டுப் பார்ப்பது கட்டாயம். பதிவுத்துறை இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம், அரை மணி நேர வேலை.

பதிந்தாலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது, நிறைய பேர் கவனிப்பதில்லை. வெறும் அனுபவ அடமானத்தில், பணம் வரவில்லை என்று சொத்தை ஏலத்துக்குக் கொண்டுவர வழக்குப் போட முடியாது (67ஆம் பிரிவு). பணத்தைக் கேட்டு வழக்குப் போடவும், திருப்பித் தருவதாக ஓனர் பத்திரத்தில் சொந்தமாகப் பொறுப்பேற்றிருக்க வேண்டும் (68ஆம் பிரிவு). அந்த ஒரு வரி இல்லாவிட்டால் ஒத்திக்காரருக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது ஒரே ஆயுதம்தான், பணம் வரும்வரை வீட்டில் உட்கார்ந்திருப்பது. கோட்டாற்றில் கடை வைத்திருப்பவருக்கு அது போதும். சென்னைக்கு மாற்றல் வந்த ஆளுக்கோ, அந்தப் பணத்தை நம்பி வேறு இடத்தில் நிலத்துக்கு அட்வான்ஸ் போட்டவருக்கோ உட்கார்ந்திருக்க முடியாது. சாவி கொடுத்துவிட்டுப் போய், மாதாமாதம் போன் போட்டுக் கேட்கும் நிலைமைக்கு அவர் வந்துவிடுவார். தலைகீழாக மாறிய உறவு மறுபடி பழைய மாதிரியே ஆகிவிடும். அதனால் ரெண்டு வருடத்தில் ஊர் மாறலாம் என்கிற வேலையில் இருப்பவர்களுக்கு நான் ஒத்தியைச் சொல்ல மாட்டேன், வாடகை எரிச்சலே மேல். அஞ்சு வருடமாவது இங்கேதான் என்று உறுதியாக இருப்பவர்கள், அந்தத் திருப்பித் தரும் வரியை எழுத வைத்துப் பதிந்துகொண்டு தாராளமாகப் போகலாம்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. பணத்தைத் திருப்பிக் கொடுத்து வீட்டை வாங்கிக்கொண்டதும் ஒத்திப் பத்திரத்தைக் கிழித்துப் போட்டால் கணக்கு முடியாது. மீட்பு ரசீதையும் பதிய வேண்டும். இல்லாவிட்டால் வில்லங்கத்தில் அந்த ஒத்தி நின்றுகொண்டே இருக்கும். இருபது வருடம் கழித்து உங்கள் மகன் வங்கிக் கடனுக்குப் போகும்போது, ஒத்திக்கு இருந்தவரையோ அவருடைய வாரிசுகளையோ எந்த ஊரில் இருந்தாலும் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கிவரச் சொல்வார்கள்.